முருங்கைக்காய் நறுக்கும்போது வர்ற ஒரு 'ச்சே'

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா எதுக்குன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவிட்டு இருப்பேன், துணி மடிச்சுட்டு இருப்பேன், இல்ல பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து சும்மா வெளிய பாத்துட்டு வருவேன், திடீர்னு என்னையறியாம வாய்விட்டு 'ச்சே'ன்னு ஒரு சத்தம் வந்துரும். சில நேரம் நல்லா சத்தமாவே. வீட்டுக்காரர் ஹால்ல இருந்து "என்னாச்சு?"ன்னு கேப்பார், "ஒண்ணுமில்ல, கை சுட்டுருச்சு"ன்னு சொல்லிருவேன். பச்சத்தண்ணில கைய வெச்சுகிட்டு கை சுட்டுருச்சுன்னு சொன்னா எவன் நம்புவான், ஆனா அவரும் ஒரு கட்டத்துக்கு மேல கேக்கறத விட்டுட்டார். பொண்ணுக்கு இது ஒரு காமெடி, "அம்மா இன்னைக்கு மூணு ச்சே"ன்னு ஸ்கோர் எண்ணுவா.

இது எனக்கு மட்டும் இருக்கற வியாதி இல்லன்னு இப்ப தெரியும். பழைய அசிங்கம் ஒண்ணு ஞாபகம் வந்தா அத வெளிய தள்ளறதுக்கு உடம்பு பண்ற வேல அது. சில பேரு தலைய ஒரு உலுக்கு உலுக்குவாங்க, சில பேரு திடீர்னு பாட்ட முணுமுணுப்பாங்க. என்கூட வேல பாத்த சயின்ஸ் மிஸ் ஒருத்தங்க நின்ன எடத்துல "முருகா"ன்னு பெருமூச்சு விடுவாங்க, ரொம்ப வருஷம் அத பக்தின்னே நெனச்சுட்டு இருந்தேன். என்னோடது பெரும்பாலும் சமையல்கட்டுல தான் வரும், அதுலயும் முருங்கைக்காய் நறுக்கற அன்னைக்கு தப்பாம வரும். ஏன்னு இத்தன வருஷம் கழிச்சு இப்ப தான் எழுத முடியுது. சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டு, ஆள் தெரியாத மாதிரி சில விஷயங்கள மாத்திட்டு தான் எழுதறேன்.

700 ரூபா

2011. சமச்சீர் கல்வி வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய், ஆகஸ்ட்டுல தான் புத்தகமே பசங்க கைக்கு வந்த வருஷம், டீச்சரா இருந்தவங்களுக்கு அந்தக் கூத்து நல்லா ஞாபகம் இருக்கும். நான் அப்ப கோபி பக்கம் ஒரு தனியார் ஸ்கூல்ல தமிழ் டீச்சர், 26 வயசு, சேந்து ரெண்டாவது வருஷம், மாசம் 5,500 சம்பளம், ஏழாங்கிளாஸுக்கு கிளாஸ் மிஸ். பசங்கள ஊட்டி டூருக்கு கூட்டிட்டுப் போறதுக்கு ஆளுக்கு 350 ரூபா வசூல் பண்ணிட்டு இருந்தோம். ஒரு வியாழக்கிழம மத்தியானம் எண்ணிப் பாத்தா 4,200 இருக்க வேண்டிய கவர்ல 3,500 தான் இருக்குது. ரெண்டு பசங்களோட காசு கொறையுது.

அன்னைக்கு பி.டி. பீரியட்ல கிளாஸ்ல இருந்தது ஒரே ஒரு பையன். கால்ல முள்ளு குத்தி சீழ் புடிச்சிருந்ததால விளையாடப் போகல. அவன் டூருக்கு பேரும் குடுக்கல, காசில்ல. அவங்கம்மா நூல் மில்லுல வேல, அப்பா வீட்ல இல்ல. இதெல்லாம் என் மனசுல ஒரு செகண்ட்ல கூட்டல் கணக்கு மாதிரி கூடிருச்சு. இப்ப எழுதும்போது தான் தெரியுது அந்தக் கணக்குல சீழ் புடிச்ச காலும் அப்பா இல்லாததும் எதுக்கு வந்துச்சுன்னே தெரியல, ஆனா வந்துச்சு. 38 பசங்க முன்னாடி அவன் பைய வாங்கி டேபிள் மேல கொட்டுனேன். ரெண்டு நோட்டு, மூடி ஒடஞ்ச ஜாமெட்ரி பாக்ஸ், கழுவாத டிபன் டப்பா, ஒரு காலி கம் பாட்டில். அவ்வளவு தான். காசு இல்லன்னதும் நான் நிறுத்தியிருக்கணும். "எங்கடா ஒளிச்சு வெச்ச?"ன்னு கேட்டேன். அவன் அழல, டப்பா மூடி கழண்டு கொழம்பு நோட்டுல ஊத்திருச்சு, அவன் அத கையால தொடச்சுட்டே நின்னான்.

சாயங்காலம் அவங்கம்மாவ கூப்பிட்டு விட்டோம். ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்தாங்க, தலைமுடி பூரா பஞ்சு. நான் சொன்னத ஒரு வார்த்த எதுத்துப் பேசாம கேட்டுட்டு, "சனிக்கெழம கூலி வந்ததும் குடுத்தர்றேனுங்க டீச்சர்"ன்னு சொல்லிட்டு பையன் கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்க.

5.40 பஸ். கண்டக்டர் சில்லற கேட்டார். கைப்பையில சைடு ஜிப்ப திறந்தேன். அதுல 700 ரூபா இருக்குது. காலைல பிரேயருக்கு வரிசைல நிக்கும்போதே ரெண்டு பசங்க காச நீட்டுனாங்க, கைல கவர் இல்ல, சரின்னு அப்படியே ஜிப்புல போட்டுட்டேன். மறந்துட்டேன்.

இங்க வரைக்கும் நடந்தது ஒரு கெட்ட தப்பு, ஆனா திருத்திருக்கலாம். மறுநாள் காலைல கிளாஸ்ல நின்னு "மிஸ் தான் மறந்து வெச்சுட்டேன், இவன் எடுக்கல"ன்னு ரெண்டு வரி சொன்னா முடிஞ்சுது. நான் சொல்லல. அவன தனியா கூப்பிட்டு, "அம்மாகிட்ட காசு வேண்டாம்னு சொல்லு, மிஸ்ஸே போட்டுக்கறேன்"ன்னு சொன்னேன். கேட்டா ரொம்ப பெரிய மனசு மாதிரி இருக்குதுல்ல? அவங்கம்மாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்குது. திங்கக்கெழம காலைல வேலைக்குப் போற வழில ஸ்கூல் கேட்டுல நின்னு, ஒரு மஞ்சப்பை நெறைய முருங்கைக்காய் குடுத்துட்டுப் போனாங்க. வீட்டு மரத்துல காச்சதாம். "உங்க மாதிரி டீச்சர் கெடைக்க குடுத்து வெச்சிருக்கோணும்"னாங்க.

அந்த முருங்கைக்காய நான் வீட்டுக்கு கொண்டு போனேன். அம்மா சாம்பார் வெச்சாங்க. நான் சாப்பிட்டேன்.

ச்சே.

ஜூஸ் கடைக்குப் பின்னாடி

அவன் அடுத்த வருஷம் வேற ஸ்கூலுக்கு போயிட்டான். நானும் கல்யாணமாகி வேற ஊரு, வேற ஸ்கூல். 2016ல ஒரு நாள் கோபி பஸ் ஸ்டாண்டுல அவன பாத்தேன், நல்லா ஒசந்து மீச வெச்சு நின்னுட்டு இருந்தான், ஆனா நொண்டி நிக்கற அந்த நிப்ப வெச்சே கண்டுபுடிச்சுட்டேன். அவன் என்ன பாக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு ஜூஸ் கடைக்குப் பின்னாடி போய் நின்னுகிட்டேன், இடுப்புல கொழந்தையோட. கரும்புச் சக்கை மேல ஈ மொய்க்குது, பாப்பா அழுகுது, நான் அவன் பஸ் ஏறற வரைக்கும் அங்கயே நிக்கறேன். 31 வயசு பொம்பள, ஒரு பதினேழு வயசுப் பையனுக்கு பயந்துட்டு.

தப்பு பண்ணுனவ தப்ப ஒத்துக்கறதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு தானா ஒரு வாய்ப்பு வந்து முன்னாடி நிக்குது, அத விட்டுட்டு ஒளியறேன். அன்னைக்கு ராத்திரி என்ன நானே எவ்வளவு கேவலமா திட்டிருப்பேன்னு உங்களுக்கு சொல்ல முடியாது. அந்தத் திட்டு எனக்கு ஒருவித நிம்மதி குடுத்துச்சு, அத தான் ரொம்ப லேட்டா புரிஞ்சுகிட்டேன். தண்டன அனுபவிச்சுட்டு இருக்கேன், அப்ப கணக்கு நேராகுதுன்னு ஒரு நெனப்பு. யாருக்கு நேராச்சு? அந்தப் பையனுக்கு என்னோட 'ச்சே'யால ஒரு பைசா பிரயோஜனம் உண்டா?

நம்ம பாஷைல இதுக்கு எத்தன வார்த்த பாருங்க. வெட்கம், கூச்சம், நாணம், மானம், அவமானம், அசிங்கம், கேவலம், மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது. வீட்ல ஒரு பாத்திரம் ஒடஞ்சா கூட "மானம் போகுது"ம்போம். குற்றவுணர்ச்சின்னு ஒரு வார்த்த இருக்கு, அத யாராச்சும் பேச்சுல சொல்லி கேட்டிருக்கீங்களா? எழுதும்போது மட்டும் வரும். "பண்ணுனது தப்பு"ன்னு சொல்றதுக்கு நம்மகிட்ட இருக்கறது கொஞ்சம், "நீ கேவலம்"னு சொல்றதுக்கு இருக்கறது மூட்ட மூட்டையா. ஜூன் டாங்னின்னு அமெரிக்காவுல ஒரு சைக்காலஜிஸ்ட் பல வருஷமா இத மட்டுமே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. 'நான் பண்ணுன காரியம் தப்பு'ன்னு உறுத்தறவங்க போய் மன்னிப்பு கேப்பாங்க, சரி பண்ணப் பாப்பாங்க, 'நானே ஒரு தப்பு'ன்னு கூசிப்போறவங்க ஒளிவாங்க, மறுப்பாங்க, பழிய வேற பக்கம் தள்ளுவாங்கன்னு அவங்க சொல்றத படிச்சப்ப எனக்கு கரும்புச் சக்கை வாசம் தான் வந்துச்சு.

இதுல கொடும என்னன்னா நான் வருஷா வருஷம் பசங்களுக்கு நாணுடைமை அதிகாரம் நடத்தறவ. 102வது அதிகாரம், மொதல் கொறளே 'கருமத்தால் நாணுதல்'னு தான் ஆரம்பிக்குது. செஞ்ச காரியத்தால வர்ற நாணம். நோட்ஸ்ல 'தகாத செயலுக்கு வெட்கப்படுதல்'னு எழுதிப் போட்டு ரெண்டு மார்க் குடுத்துட்டு போயிருவேன். காரியத்துக்கு தான் நாணச் சொல்றார், ஆளுக்கு இல்லன்னு நான் படிக்கறது பரிமேலழகர் ஒத்துக்குவாரான்னு தெரியாது, நான் இப்ப அப்படித்தான் படிக்கறேன். அதே புத்தகத்துல அஞ்சு அதிகாரம் முன்னாடி கவரிமா கொறள் இருக்குது, மானம் போனா உசிர விட்டுருவாங்கன்னு. அத பெருமையா மனப்பாடம் பண்ண வெச்சுட்டு, ரிசல்ட் அன்னைக்கு பசங்கள நெனச்சு நாமளே பதறுவோம். 2017ல அரசாங்கம் பொதுத்தேர்வுல ரேங்க் அறிவிக்கறதயே நிறுத்துச்சு, ரிசல்ட் சமயத்துல அரசாங்க ஹெல்ப்லைன் 104க்கு போன் பண்ணி பேசுங்கன்னு பசங்ககிட்ட சொல்றோம். நான் இப்பல்லாம் அந்தக் கொறள நடத்தும்போது கொஞ்சம் நிறுத்தி, பசங்க மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்த பேசிட்டு தான் அடுத்ததுக்கு போறேன். சிலபஸ் பின்னாடி போகுதுன்னு ஹெச்.எம். திட்டறார், திட்டட்டும்.

தரைய அடி

2023ல தூக்கம் சுத்தமா போச்சு. மூணு மணிக்கு முழிப்பு வரும், முருங்கைக்காய் வரும், விடியும். டாக்டர் ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டு, ஒண்ணுமில்ல, ஒரு கவுன்சிலர பாருங்கன்னார். கவுன்சிலர் சின்னப் பொண்ணு, என்கிட்ட படிச்ச பசங்க வயசு. நாலாவது தடவ போனப்ப தான் கதைய சொன்னேன், சுருக்கமா, யாருக்கோ நடந்த மாதிரி. அந்தப் பொண்ணு கேட்டுட்டு, "உங்கமேலயே கொஞ்சம் கருண காட்டிப் பழகணும் மேடம்"னுச்சு. எனக்கு சுள்ளுன்னு கோவம் வந்துருச்சு. வாட்ஸப்புல ரோஜாப்பூ படம் போட்டு 'உன்னை நீ நேசி'ன்னு வருமே, அந்த ரகம்னு நெனச்சேன். "அவன் பைய கொட்டுனது நான். நான் என்ன மன்னிச்சுகிட்டா அவனுக்கு என்ன கெடைக்கும்?"னு கேட்டேன். அந்தப் பொண்ணு சமாளிக்கல. "இதுவரைக்கும் நீங்க மன்னிக்காம இருந்ததுல அவருக்கு என்ன கெடச்சுது மேடம்?"னு கேட்டுச்சு. பீஸ் கட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகல.

ஆனா அந்தக் கேள்வி விடல. எனக்கு அப்ப ஒண்ணு தோணுச்சு. நம்ம வீடுகள்ல கொழந்த ஓடி வந்து தடுக்கி விழுந்தா பெரியவங்க என்ன பண்ணுவாங்க? ஒண்ணு, "எங்க கண்ணுவ தள்ளிவிட்ட தரைய அடி, அடி"ன்னு தரையில ரெண்டு தட்டு தட்டுவாங்க. இல்லன்னா "கண்ணு பொடனிலயா இருக்குது"ன்னு கொழந்தைக்கு ரெண்டு விழும். தரைய அடிக்கறது, இல்ல கொழந்தைய அடிக்கறது. வேற வழியே நாம கத்துக்கல. நான் அன்னைக்கு கிளாஸ்ல தரைய அடிச்சேன், அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷம் கொழந்தைய அடிச்சேன். எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா, மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. அது தரையையும் அடிக்காது, எங்களையும் அடிக்காது. எடுத்து மடில உக்கார வெச்சு, முட்டிய திருப்பித் திருப்பி பாக்கும், "ஆமா சாமி, தோலு பேந்துருச்சு, வலிக்கும், ஓடுனா விழுகத்தான் செய்யும், வா கழுவலாம்"னு இழுத்துட்டுப் போகும். கழுவும்போது எரியும், கத்துவோம், விடாது.

திரும்ப கவுன்சிலர்கிட்ட போனப்ப இத சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "நான் புத்தகம் வெச்சு சொல்லிக் குடுக்கறத உங்க அம்மிச்சி ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க"ன்னுச்சு. அப்புறம் தான் கிறிஸ்டின் நெஃப் பத்தி சொல்லுச்சு, டெக்சாஸ்ல பேராசிரியர், 2003ல இந்த தன்மேல கருணங்கற விஷயத்த அளக்கறதுக்கு 26 கேள்வி வெச்சு ஒரு அளவுகோலே பண்ணுனவங்க. அவங்க சொல்றதும் கிட்டத்தட்ட அம்மிச்சி மடி தான். வலிக்குதுன்னு மறைக்காம, பெருசாவும் ஆக்காம பாக்கறது, ஓடுனா யாரும் விழுவாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கறது, அதட்டாம பேசறது. காயத்த கழுவ வேண்டாம்னு அவங்களும் சொல்லல. நான் அத்தன வருஷமா இத பூசி மொழுகறதுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

சரி, செஞ்சு பாத்தா வந்துதான்னா, வரல. நெஞ்சுல கை வெச்சு மெதுவா 'பரவால்ல'ன்னு சொல்லிப் பாருங்கன்னு ஹோம்வொர்க். நானும் ராத்திரி எல்லாரும் தூங்குனதும் பாத்ரூம்ல நின்னு சொன்னேன். என் 'பரவால்ல' எப்படி வந்துச்சுன்னா, கிளாஸ்ல சத்தம் போடற பையன "உக்காரு"ன்னு சொல்ற குரல்ல வந்துச்சு. பால் கில்பர்ட்னு இங்கிலாந்துல ஒருத்தர் இத கவனிச்சிருக்கார். அவர்கிட்ட வந்த நோயாளிங்க 'என்மேல தப்பில்ல'ங்கற மாதிரி சரியான வார்த்தைய கரெக்டா சொல்றாங்களாம், ஆனா மனசுக்குள்ள அத சொல்ற தொனி வெறுப்பா, அதட்டலா இருக்குதாம், அதனால ஒண்ணும் ஆறலையாம். அதுல இருந்து தான் அவரோட வைத்திய முறையே கெளம்புச்சு. எனக்கு இத்தன வருஷ டீச்சர் குரல் வேற. அத எறக்கறதுக்கே மாசக்கணக்காச்சு.

அதவிட மோசம், கொஞ்சம் கனிவா வந்த அன்னைக்கு நெலம இன்னும் கெட்டுப் போச்சு. அழுக, நடுக்கம், ரெண்டு நாள் ஸ்கூலுக்கு லீவு. இதுக்கும் 'பேக்டிராஃப்ட்'னு பேரு வெச்சிருக்காங்க, தீயணைப்புக்காரங்க பாஷைல இருந்து எடுத்த பேரு. மூடுன ரூமுக்குள்ள தீ காத்தில்லாம மங்கி கெடக்கும், திடீர்னு கதவத் தொறந்தா காத்து உள்ள பாஞ்சு குபீர்னு எரியும். நம்ம சாம்பல் பூத்த அடுப்புல ஊதாங்குழல வெச்சு ஊதுனா மூஞ்சிக்கே வருமே, அது தான். கவுன்சிலர் அப்ப நிறுத்தச் சொல்லுச்சு, கைய எடுத்துட்டு கால தரையில நல்லா ஊனி நில்லுங்க, டீ போட்டு குடிங்க, அதுவும் கருண தான்னுச்சு. யாராச்சும் தனியா முயற்சி பண்ணி இப்படி ஆனா பயந்துறாதீங்கன்னு சொல்லத்தான் இத எழுதறேன், முடியலன்னா ஆள் தொணையோட பண்ணுங்க.

பயந்துட்ட

போன வருஷம் மார்ச்ல ஒரு சனிக்கெழம. முருங்கைக்காய் நறுக்கிட்டு இருந்தேன். 'ச்சே' வந்துச்சு. வழக்கமா வந்ததும் மிக்ஸிய போடுவேன், கொழாய தொறப்பேன், ஏதாச்சும் சத்தம் பண்ணி அந்தப் படத்த கட் பண்ணிருவேன். அன்னைக்கு கரண்ட் இல்ல. கத்திய கீழ வெச்சுட்டு நின்னேன். சும்மா ஓடட்டும்னு விட்டேன்.

இத்தன வருஷத்துல அந்தப் படம் எப்பவும் முருங்கைக்காய் பையோட நின்னுரும், அதனால நான் ஒரு விஷயத்த பாத்ததே இல்ல. வெள்ளிக்கெழம காலைல நான் சொல்லத்தான் போனேன். போர்டு பக்கத்துல நின்னு வாயத் தொறந்துட்டேன். வெளிய வராண்டால கரஸ்பாண்டண்ட் ரவுண்ட்ஸ் வந்துட்டு இருந்தார். அதுக்கு முந்தின மாசம் தான் பீஸ் கணக்குல ஏதோ கொறஞ்சுதுன்னு ஒரு மிஸ்ஸ அனுப்புனாங்க, அவங்க பைய தூக்கிட்டு கேட்ட விட்டு போனத நாங்க எல்லாரும் ஜன்னல் வழியா பாத்தோம். எங்கம்மாவுக்கு அப்ப மாசா மாசம் மருந்து, என் சம்பளம் மட்டும் தான். தொறந்த வாய மூடிட்டு "பக்கம் 43 எடுங்க"ன்னு சொன்னேன். போர்டு பக்கத்துல நிக்கற அந்த 26 வயசுப் பொண்ணு சேலைல சாக்பீஸ் தூள், கை நடுங்குது. நான் அவள அதுவரைக்கும் பாத்ததே இல்ல. கொட்டுன பைய பாத்திருக்கேன், முருங்கைக்காய பாத்திருக்கேன். அவள பாத்ததில்ல.

"பயந்துட்ட கண்ணு"ன்னு வாய்விட்டு சொன்னேன். குரல் டீச்சர் குரலா இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "தப்பும் பண்ணிட்ட. ரெண்டும் நெசம்"னு சொன்னேன்.

அப்ப எனக்கு அழுக வரல. நெஞ்சு லேசாயிருச்சு அப்படி இப்படின்னெல்லாம் ஒண்ணுமில்ல. வந்தது ஒரு சாதாரண யோசன: அவன் நம்பர் யார்கிட்ட இருக்கும்? பன்னெண்டு வருஷமா என்ன நானே நாய் மாதிரி திட்டிட்டு இருந்தப்ப ஒரு தடவ கூட வராத யோசன. 2012ல பெர்க்லி யுனிவர்சிட்டில ரெண்டு பேரு பண்ணுன ஆராய்ச்சில, சமீபத்துல பண்ணுன ஒரு தப்ப நெனச்சுப் பாக்க சொல்லிட்டு, ஒரு குரூப்ப மட்டும் தன்மேல கருணையோட அத எழுத வெச்சாங்களாம். அவங்களுக்கு தான் போய் மன்னிப்பு கேக்கணும், இனிமே அத பண்ணக் கூடாதுங்கற எண்ணம் அதிகமா இருந்துச்சாம். அத மொதல்ல படிச்சப்ப நம்பல. சமையல்கட்டுல நின்னப்ப நம்புனேன்.

அன்னைக்கேவா மிஸ்

நம்பர் கெடைக்க ஒரு வாரம். அந்த பேட்ச் பசங்க வாட்ஸப் குரூப்புல ஒருத்தன்கிட்ட வாங்குனேன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் செக்‌ஷன்ல இருக்கான். போன எடுத்ததும் "மிஸ்ஸா! சொல்லுங்க மிஸ், நல்லா இருக்கீங்களா?"ன்னு அவ்வளவு சந்தோஷம். பின்னாடி மிஷின் சத்தம்.

என்ன சொல்லணும்னு பேப்பர்ல எழுதி வெச்சிருந்தேன், ஏன்னா அழுதுருவேனோன்னு பயம். அழுதா என்ன ஆகும் தெரியுமா, அவன் "அய்யோ பரவால்ல மிஸ் விடுங்க"ன்னு எனக்கு ஆறுதல் சொல்லுவான். பைய கொட்டுனவளுக்கு பைக்காரனே தண்ணி குடுக்கற கத. ரெண்டு வருஷம் முன்னாடி பேசிருந்தா கண்டிப்பா அது தான் நடந்திருக்கும். படிக்கற மாதிரி சொன்னேன். அந்த டூர் காச நீ எடுக்கல, என் பையிலயே இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சும் நான் கிளாஸ்ல சொல்லல, தப்பு என்னுது.

கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும்.

"எப்ப மிஸ் கெடச்சுது?"

"அன்னைக்கு சாயங்காலமே. பஸ்ல."

"அன்னைக்கேவா மிஸ்?"

அவன் திட்டிருந்தா கூட தாங்கிருப்பேன். இந்த ஒரு கேள்விக்கு என்கிட்ட பதிலில்ல, "ஆமா, அன்னைக்கே"ன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு விளக்கம் சொல்ல வாய் வந்துச்சு, கரஸ்பாண்டண்ட், அம்மா மருந்து, எல்லாம். சொல்லல. அது எனக்கு நானே சொல்லிக்க வேண்டியது, அவன் தலைல கொட்டறதுக்கு இல்ல. குரூப்புல எல்லாருக்கும் சொல்லட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம் மிஸ், அவனுக யாருக்கும் ஞாபகம் இருக்காது, நீங்க சொன்னா தான் ஞாபகம் வரும்"னான். மன்னிச்சுட்டேன்னு சொல்லல. நானும் கேக்கல. போன வெக்கறதுக்கு முன்னாடி, "மிஸ், எங்கம்மாகிட்ட சொல்லுங்க. அது இன்னும் நான்தான் எடுத்தேன்னு நெனச்சுட்டு இருக்குது"ன்னான்.

ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் போனேன். அதே வீடு, முன்னாடி இப்ப சிமெண்ட் ஷீட் போட்டிருக்காங்க. மில்லு வேலைய விட்டு வருஷமாச்சாம், நூறு நாள் வேலைக்கு போறாங்க. அவங்களுக்கு என்ன அடையாளம் தெரிஞ்சுது, "வாங்க டீச்சர், வாங்க"ன்னு சேர எடுத்துப் போட்டு பேன போட்டாங்க. நான் வாசல்ல மரத்த தேடறத பாத்துட்டு, "முருங்கமரமுங்களா, மூணு வருஷத்துக்கு முன்னால காத்துல முறிஞ்சு போச்சுங்க"ன்னாங்க. காப்பி வந்துச்சு. குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், காப்பி குடிச்சுட்டு சொன்னா அதுவும் முருங்கைக்காய் மாதிரி ஆயிரும்னு தோணுச்சு.

அவங்க நடுவுல பேசவே இல்ல. முடிச்சதும் முந்தானைய எடுத்து மூஞ்சிய தொடச்சுட்டு, "வெளக்குமாத்துலயே அடிச்சேனுங்க அன்னைக்கு"ன்னாங்க. "நான் எடுக்கல எடுக்கலைன்னு சொல்லிட்டே இருந்தான். நாலு நாளு அவன்கூட பேசாம சோத்த மட்டும் வெச்சேன்." என்னப் பாத்து கோவமா ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு காத்துட்டு இருந்தேன். அவங்க செவுத்துப் பக்கம் திரும்பிட்டு, மெதுவா, தனக்குத்தானே, 'ச்சே'ன்னாங்க.

எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும்.

"நான் சொன்னத நம்பித்தானே அடிச்சீங்க, தப்பு என்னுது"ன்னேன்.

"பெத்தவளுக்கு தெரிய வேண்டாமுங்களா டீச்சர்?"

அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. கவுன்சிலர் சொன்னது, படிச்சது, அம்மிச்சி சொன்னது எதுவும் வாய்க்கு வரல. சேர கொஞ்சம் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தேன். அவங்க போன எடுத்து பையனுக்கு அடிச்சாங்க, ரிங் போயிட்டே இருந்துச்சு, எடுக்கல. "ஷிஃப்டுல இருப்பான், ஞாயித்துக்கெழமையும் ஓட்டறாங்க கம்பெனிய. எட்டு மணிக்கு மேல அவனே கூப்புடுவான். இருந்து சாப்புட்டு போங்க டீச்சர்"னாங்க.

மணி அப்ப அஞ்சரை. வீட்டுக்காரருக்கு லேட்டாகும்னு மெசேஜ் போட்டுட்டு, காப்பிய எடுத்தேன்.